வியாழக்கிழமைதோறும் நான் அரியலூருக்குப் போவது ஏன்

மகனுக்கு,

எனக்கு மறதி வந்துவிட்டது, வாராவாரம் வழி தெரியாமல் அரியலூருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறேன் என்று உன் அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. வழி தெரியாதவர்கள் ஒரே ஊருக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை ஐந்தே முக்காலுக்கு நம் பெரம்பலூர் வீட்டிலிருந்து வேன் கிளம்புகிறது. டிரைவர் சின்னதுரை ஓட்டுகிறார். நான் அவருக்குப் பின்னால் இடதுபுறம் உட்கார்ந்திருக்கிறேன். முப்பது கிலோமீட்டர் சொச்சம் போனதும், அரியலூர் தொடங்குகிற இடத்தில், உன் அத்தை வீட்டுக்கு எதிரே சாலை அகலமாக இருப்பதால் அங்கே வண்டியைத் திருப்புகிறோம். இஞ்சினை அணைப்பதில்லை. ஏழு மணி சுமாருக்கு வீடு வந்து காபி போட்டுக் குடிக்கிறேன். இதில் நான் மறந்தது எது என்று அவளைக் கேட்டுச் சொல். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்று அவளுக்கும் போகிறது. நம் தெருவில் யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். பேச்சு ஊரறிய நடந்தது, பதிலும் ஊரறிய இருக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து பேசினாய். எப்போதும் இரண்டு நிமிடத்தில் முடிக்கிற நீ அன்று பதினோரு நிமிடம் பேசினாய். அதில் நான் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. "அத்தை எல்லாத்தையும் சொன்னாங்கம்மா. ஞாபக மறதிக்குன்னே பாக்குற டாக்டர்கிட்ட அடுத்த மாசம் நேரம் வாங்கிட்டேன். வீட்டப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க. வண்டியையும் கொண்டாந்துடலாம், பாப்பாவ ஸ்கூல்ல விட வசதியா இருக்கும்" என்றாய். ஏன் அரியலூருக்குப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாயையும் வேனையும் ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போகத் திட்டம் போட்டுவிட்டாய், இரண்டும் கோளாறான சாமான்கள் என்பது போல. நான் தாலுகா ஆபீசில் ஆவணப் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள். இன்ன கட்டு இன்ன அலமாரியில் என்று நாற்காலியை விட்டு எழாமல் சொன்னவள். புத்தி தவறியவள் என்ற பெயரோடு இந்த வீட்டு வாசலைத் தாண்ட மாட்டேன். அதுவும் நீ செய்த ஒரு காரியத்தால் வந்த பெயரோடு நிச்சயமாகத் தாண்ட மாட்டேன். நீ செய்தது என்ன என்பதை நடந்தபடியே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. படிப்பதற்கு இடையில் போனைப் பார்க்காதே.

முதலில் என் தவறு. அதை மறைத்துவிட்டு உன் தவறை எழுத எனக்குச் சம்மதமில்லை. நான் படித்த திருச்சி கான்வென்டில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். உன் அப்பா போன மறுவருடம் நீ வேன் வாங்கப் போவதாகச் சொன்னாய். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது குடும்பத்தில் ஏழு பேரும் ஒன்றாகப் போகலாம், மற்ற நாட்களில் அம்மா வைத்துக்கொள்ளட்டும், சென்னையில் நிறுத்த இடமில்லை என்றாய். டீசலா பெட்ரோலா என்று கேட்டாய். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்பா இருந்தால் டீசல் என்றுதான் சொல்லியிருப்பார்" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா அரியலூர் சிமெண்ட் ஆலைக்கு இருபத்தாறு வருடம் தன் பழைய டீசல் ஜீப்பில் போய் வந்தவர். அது ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. அதை வண்டியின் உறுதி என்று நான் நினைத்திருந்தேன். தினமும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் ஓடியது என்பதையும், பின்னால் வருகிறவன் முகத்தில் கரும்புகையை அள்ளி வீசிக்கொண்டே ஓடியது என்பதையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இறந்துபோனவர் வாயில் என் அபிப்பிராயத்தைப் போட்டு உனக்குச் சொன்னேன். நீயும் வேறு யாரையும் விசாரிக்காமல் வாங்கிவிட்டாய். இதுவரை இருவர் பேரிலும் சரிபாதித் தவறு.

வேன் வந்தது. நான் எங்கே போகிறேன்? செவ்வாய்க்கிழமை காய்கறி மார்க்கெட். மாதம் ஒரு தடவை பாங்க். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்க மருந்துக் கடை. வெள்ளிக்கிழமை கோயில். எல்லாமே இரண்டு கிலோமீட்டருக்குள். லாரி போல நீண்ட ஒரு வண்டியில் ஒரு கட்டுக் கீரைக்காகப் போய் இறங்குவதைப் பார்த்து மார்க்கெட்டில் ஒருத்தி, "வண்டி நெறைய வாங்கிட்டுப் போங்கம்மா, எடம் சும்மாத்தான கெடக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்தது உனக்கும் எனக்கும் தெரியவில்லை. ஒரு வருடம் இப்படியே ஓடியது. போன பொங்கலுக்கு நீ குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் இருந்தாய். வண்டியை நீயே எடுத்து ஊருக்குள் சுற்றினாய். அப்போது மீட்டருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பின்னால் உட்காருகிறவளுக்கு மீட்டர் தெரிவதில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பாங்க் முன்னால் திரும்பும்போது வேன் சோர்ந்துபோனது. சின்னதுரை எவ்வளவு மிதித்தாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடித்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நடுரோட்டில் வெயிலில் இறங்கி ஓரமாக நின்றேன். எனக்கு எழுபத்திரண்டு வயது என்பதை அன்றுதான் முதல் தடவையாக உணர்ந்தேன். காதர் பாய் என்கிற மெக்கானிக் தன் ஷெட்டிலிருந்து வந்தார். மீட்டரைப் பார்த்ததும் குனிந்து கண்ணாடியின் மேல் நகத்தால் எதையோ சுரண்டினார். மஞ்சள் நிற நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்று கையோடு வந்தது. பிள்ளைகள் நோட்டில் ஒட்டுவது. அதற்கு அடியில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இதை யார் ஒட்டியது என்று கேட்டேன். சின்னதுரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"தம்பிதாம்மா ஒட்டுச்சு. சென்சார் கோளாறு, சும்மா எரியுதுன்னுச்சு. அம்மாட்ட சொல்லாதீங்க, வயசான காலத்துல பயந்துக்குவாங்கன்னுச்சு."

நான் பயப்படுவேன் என்று எந்த வருடத்து அனுபவத்தை வைத்து முடிவு செய்தாய்? உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவர் காரில் ஏற்றிக்கொண்டு போனவள் நான். மூன்றாம் நாள் அவர் போனார். அந்த மூன்று நாளும் டாக்டர் சொன்னதை உனக்கு ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். நீ பயந்தாய் என்பதற்காக எதையும் மூடி மறைக்கவில்லை. நீ ஒரு விளக்கை என்னிடமிருந்து மறைத்தாய். அதைவிட மோசம், ஒரு மாதச் சம்பளக்காரரிடம் அவர் எஜமானிக்கு எதிராகப் பொய்யைக் காக்கச் சொன்னாய். அவர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய காலத்திலும் ஒரு விளக்கை அலட்சியம் செய்யாதவர். அன்று இரவு உனக்குப் போன் செய்து வண்டி நின்றதைச் சொன்னபோது நீ உடனே சொன்ன பதில், "அந்த ஆளுக்கு ஓட்டத் தெரியலம்மா, வேற ஆள் பாருங்க" என்பது. ஸ்டிக்கர் அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நீயாகச் சொல்வாய் என்று இடம் விட்டேன். நீ அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அதே பேச்சில் இன்னொன்றும் நடந்தது. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். பாய் சொன்னதை நான் உனக்கு முழுவதும் விளக்கினேன். புதிய டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு பில்டர் இருக்கிறது, கரி வெளியே போகாமல் அதில் தங்குகிறது, வண்டி தொடர்ந்து ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும் என்று சொன்னேன். "நீங்க மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இஞ்சின் கூட சூடாவறதில்லம்மா, கரி எப்புடி எரியும்? வாரத்துக்கு ஒரு வாட்டி அரியலூரு ரோட்டுல ஒரே வேகமாப் போயிட்டு, நடுவுல அணைக்காமத் திரும்பி வந்துடுங்க" என்று அவர் சொன்னதையும் சொன்னேன். இனி வியாழக்கிழமைதோறும் போகப் போகிறேன் என்று கிழமை உட்படச் சொன்னேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்றாய். பின்னணியில் கம்ப்யூட்டர் பொத்தான்களைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

பாய் தன் மெஷினை மாட்டிக் கரியை ஒரு தடவை எரித்துக் கொடுத்தார். அந்த வாரமே ஆரம்பித்தேன். காய்கறி வாங்குவதற்காக ஒரு வண்டி, அந்த வண்டி நலமாக இருப்பதற்காக ஒரு பயணம் என்று என் வாழ்க்கை ஆனது. விரும்பிப் போனேன் என்று நினைக்காதே. இருட்டு முழுவதும் பிரியாத நேரத்தில், இறங்க ஓரிடமும் இல்லாமல், செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போய்த் திரும்புவது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. நோயாளி வீட்டுக்காவது போகிறோமா, கல்யாண வீட்டுக்காவது போகிறோமா? சின்னதுரைதான் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "நாய வாக்கிங் கூட்டிட்டுப் போற மாதிரி நெனச்சுக்குங்கம்மா" என்றார். அன்று முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இங்கே என் இரண்டாவது தவறு வருகிறது. மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ உன் அத்தை வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் எங்கள் வண்டி திரும்புவதைப் பார்த்துவிட்டாள். கையைக் காட்டி நிறுத்தினாள். சன்னலை இறக்கினேன். "ஏன் அண்ணி, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போறீங்க? யாரத் தேடி வந்தீங்க?" என்று கேட்டாள். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. இறங்கி ஒரு வாய் காபி குடித்தால் அணைக்க வேண்டும், அணைத்தால் வந்தது பாதி வீண். ஒரே ஒரு வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வேன் வந்த புதிதில் அவளிடம் நான் பேசிய பேச்சு எனக்கு நினைவிருந்தது. என் மகன் வாங்கிக் கொடுத்தது, அவள் மருமகன் வைத்திருக்கிற சின்னக் கார் மாதிரி இல்லை, என்றெல்லாம் நாசூக்காகச் சொல்லியிருந்தேன். அந்த வாயால், இந்த வண்டிக்கு மார்க்கெட் போய்வரத் துப்பில்லை, வாராவாரம் ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. "சும்மாத்தான்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அடுத்த வாரமும் நிறுத்தினாள், அடுத்த வாரமும் சும்மாத்தான் என்றேன். அதற்கு மேல் அவள் நிறுத்தவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் என்ன நினைத்திருப்பேன் என்று இப்போது புரிகிறது. ஆகவே அவள் மேல் எனக்குக் கோபம் பாதிதான். அவள் பார்த்ததைச் சொன்னாள். உன் பெயரைக் காப்பாற்ற நான் பேசாமல் இருந்ததை அவள் எப்படி அறிவாள்? காரணத்தை உனக்குத்தான் சொல்லியிருந்தேன். அறிய வேண்டியவன் நீ ஒருவன்தான்.

உன்னை இப்படி ஆக்கியதில் எனக்குப் பங்கு இருக்கிறதா என்று இந்த வாரம் முழுவதும் யோசித்தேன். இருக்கிறது. நீ எட்டாம் வகுப்பு படித்தபோது ஒரு சாயங்காலம் அப்பாவின் ஜீப்பில் ஏறி விளையாடி ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டாய். அது உருண்டுபோய்ச் சுற்றுச்சுவரில் முட்டியது. நீ என்னிடம் ஓடி வந்தாய். நான் ஆபீஸ் காகிதங்களை விரித்து வைத்திருந்தேன். "அம்மா, ஜீப்பு, அது வந்து..." என்றாய். மூச்சு வாங்கியது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், முதலில் நேராக நில், பிறகு முழு வாக்கியமாகச் சொல் என்றேன். நீ நேராக நின்றாய். பிறகு "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். மறுநாள் காலையில் அப்பா பார்த்தார், அவரே தட்டி நிமிர்த்தினார், உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "அவன் சொல்லத்தான் வந்தான்" என்றார். அன்று அவரோடு சண்டை போட்டேன். ஒழுங்காகப் பேசக் கற்றுக்கொடுப்பது தவறா என்று கேட்டேன். என் எதிரில் கோளாறைச் சொல்வதைவிட மறைப்பது சுலபம் என்று நீ பழகிய நாள் அதுவாக இருக்கலாம். அதற்காக நான் வருந்துகிறேன். வருந்துகிறேன் என்று எழுதுவது எனக்கு எளிதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உனக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. பதின்மூன்று வயதில் மறைத்ததற்கு நான் பொறுப்பு, பொங்கலுக்கு மறைத்ததற்கு நீ பொறுப்பு.

இனி நடக்கப் போவதைச் சொல்கிறேன். அந்த டாக்டரிடம் நான் வரப்போவதில்லை. வாங்கிய நேரத்தை ரத்து செய். இந்த வீட்டைப் பூட்டப் போவதில்லை. சின்னதுரை இருப்பார். வேனை நீ கொண்டுபோகலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உன் வீட்டிலிருந்து பேத்தியின் பள்ளிக்கூடம் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தடவை யோசி. மூன்றா, நான்கா? சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போய், நின்று நின்று வருவாய். இரண்டே மாதத்தில் அதே விளக்கு எரியும். தினமும் நீண்ட தூரம் போகிறவனுக்குத்தான் டீசல். வீட்டைச் சுற்றியே வட்டமடிக்கிறவர்களுக்கு அது ஆகாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன். நீ என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்க மனமிருந்தால். நான் ஒரு சின்னப் பெட்ரோல் கார் பார்க்கச் சொல்லி பாயிடம் சொல்லிவிட்டேன், பழையதாக இருந்தாலும் போதும் என்று. உன் அத்தை மருமகன் வைத்திருக்கிறானே, அந்த மாதிரி. அதைக் கேட்டு அவள் சிரிக்கட்டும். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொள்வேன். கார் வருகிற வரைக்கும் வியாழக்கிழமை போய்வருவேன். இந்த வாரம் அவள் வாசலில் நின்றால் சன்னலை இறக்கி முழுக் காரணத்தையும் சொல்வேன்.

நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. மார்ச் மாதம் வியாழக்கிழமைப் பயணத்தைப் பற்றி நான் போனில் சொன்னபோது, ஒன்று நீ காதில் வாங்கவே இல்லை. அல்லது காதில் வாங்கி, காரணம் தெரிந்திருந்தும், உன் அத்தை மறதி என்று சொன்னபோது வாயை மூடிக்கொண்டு இருந்தாய், அம்மாவைச் சென்னைக்குக் கொண்டுவர அது வசதியாக இருந்தது என்பதால். முதலாவது என்றால் அது அலட்சியம். அதை நான் பொறுத்துக்கொள்ள முயல்வேன். இரண்டாவது என்றால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாமல் இருப்பதில் ஒரு வாரமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. நீ இதில் எவன் என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை உன் குரலைக் கேட்க என்னால் முடியாது, ஆகவே போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

இரண்டில் எது என்று உன் கையால் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பெரம்பலூர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்பு. ஒரு வரி போதும்.

அம்மா